கண்ணாடி மூடித்தான் இருந்தது

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த புனிதவதிக்கு டன்ஃபோர்ட் கார் கம்பெனியில் புகார் பிரிவின் பொறுப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில் அது வேலையே இல்லாத வேலை. டாக்டர், வக்கீல், தோட்டத்துத் துரை எல்லாரும் டன்ஃபோர்ட்தான் வாங்கினார்கள். வேறு கார் வாங்க வழியும் அதிகமில்லை. பிறகு சந்தை திறந்துவிடப்பட்டது. ஜப்பான் கார்கள் வந்திறங்கின. விலையும் குறைவு, ரிப்பேரும் குறைவு. டன்ஃபோர்ட் ஷோரூமில் ஈ ஓட்டினார்கள்.

கம்பெனியைத் தூக்கி நிறுத்த, வங்கியிலிருந்து சாத்தப்பன் என்பவரை ஜெனரல் மேனேஜராகக் கொண்டுவந்தார்கள். அவர் வந்த வேகத்தில் ஆட்களைக் குறைத்தார். மேருவில் இருந்த கம்பெனியின் தொழிற்சாலையில் புதுக் கார்மேல் தண்ணீர் பீய்ச்சி, ஒழுகுகிறதா என்று பார்க்கும் சோதனையையும் வீண்செலவு என்று நிறுத்தினார். ஆண்டுக்கடைசி மழையில் கார்கள் ஒழுகின.

"புகாரோட வர்றவங்ககிட்ட, கண்ணாடிய சரியா மூடாதது உங்க தப்புன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லக்கூடாது," என்றார் சாத்தப்பன்.

சோதனையை மறுபடி வைக்கச் சொல்லிப் பார்த்தாள் புனிதவதி.

"எனக்கே பாடம் நடத்தறீங்களா, மிசஸ் புனிதவதி?"

அதன்பின் அவள் அவர் முகம் பார்த்துப் பேசுவதை விட்டாள். ஆனால் வருகிறவர்களிடம் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். திட்டு முழுவதும் அவளுக்கே விழுந்தது. ஒருவர் காருக்குள் ஊறிப்போன கால்மிதியை அவள் மேசைமேல் வீசிவிட்டுப் போனார்.

ஒரு நாள் கிள்ளானிலிருந்து இராஜம்மா என்ற பள்ளி ஆசிரியை ஒழுகும் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். புனிதவதி வழக்கமான பதிலைச் சொன்னாள்.

"அப்படியா? வாங்க மிஸ், நீங்களே உள்ள உக்காருங்க. கண்ணாடியும் நீங்களே மூடுங்க லா."

மறுத்திருக்கலாம். போய் உட்கார்ந்தாள். இராஜம்மா பட்டறைக் குழாயைப் பிடித்துக் கூரைமேல் அடித்தார். முதல் சொட்டு கழுத்தில் விழுந்தது. பிறகு தோள், மடி. வெளியே கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு இராஜம்மாமேல் கோபம் வரவில்லை.

சேலை சொட்டச் சொட்ட மாடியேறினாள். அங்கே கார் விற்கும் டீலர்களிடம் சாத்தப்பன் புது மாடலைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"என்ன கோலம் இது? வெளிய போங்க!"

"கண்ணாடி மூடித்தான் இருந்தது, சார். நானே மூடினேன்." டீலர்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாக் காரும் ஒழுகுது. தண்ணி டெஸ்ட்டை நிறுத்தினது இவர்தான்."

மறுநாளே அவளை ரவாங்கில் இருந்த உதிரிபாகக் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். டீலர்கள் போட்ட கூச்சலில் சோதனை திரும்ப வந்தது, வாங்குகிறவர்கள் திரும்பவில்லை. கடைசியில் தொழிற்சாலையை ஒரு ஜப்பான் கம்பெனிக்கே விற்றார்கள். புனிதவதிக்கும் வேலை போனது, சாத்தப்பனுக்கும் போனது.

பல வருடம் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தில் சாத்தப்பனே அவளைத் தேடி வந்து பேசினார்.

"அந்தக் கம்பெனியக் காப்பாத்த நாம எவ்ளோ பாடுபட்டோம், என்னம்மா?"

"நாம இல்ல. நீங்க பொய் சொல்லச் சொன்னீங்க, நான் சொன்னேன். அதுக்குப் பேரு பாடுபடறதா?"

பந்தியில் அவருக்குப் பக்கத்து இலைதான் காலியாக இருந்தது. புனிதவதி அடுத்த பந்திக்குக் காத்திருந்தாள்.