பூசணிக் குவியலை அடையாளம் வைத்தேன்

போன வருஷம் ஜூன் மாதம். என் மூத்த மகளைக் கல்லூரியில் சேர்க்க, கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்தோம். பத்தரை மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். அசல் சான்றிதழ் இல்லாமல் வந்தால் சீட்டு அடுத்தவருக்குப் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

நேரம் நிறைய இருந்தது. "வாம்மா, பழைய மார்க்கெட்டைக் காட்டறேன்" என்று கூட்டிப்போனேன். தேரடி வீதியிலிருந்து கொஞ்ச தூரம்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் என்பார்கள். உயரமான ஓட்டுக் கூரை, இரும்புத் தூண்கள், நாலு பக்கமும் ஒரே மாதிரி வாசல். எந்த வாசலில் நுழைந்தோம் என்று உள்ளே போனதுமே எனக்கு மறந்துவிட்டது.

ஒருவர் பூசணிக்காயை ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார். விலை கம்மியாக இருந்ததால் இரண்டு வாங்கினேன். கனமாக இருந்தது. வாங்கிய கடையிலேயே பையை வைத்துவிட்டு, போகும்போது எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கோயில் கூட்டத்தில் கசங்கிவிடும் என்று சான்றிதழ் ஃபைலையும் அதே பையில் செருகி, "அண்ணே, சாமி கும்பிட்டு வந்துடறோம்"னு சொல்லி வைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"அப்பா, கடையை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றாள் மகள்.

"இம்மாம் பெரிய பூசணிக் குவியலு தெரியாதா எனக்கு?" என்றேன்.

பிள்ளைகளே, இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். ஊரில் நாங்கள் வழி சொல்வதே பயிரை வைத்துத்தான். கரும்புக்கு அடுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை என்றால் யாரும் சரியாகப் போய்விடுவார்கள். கொல்லையில் பயிர் மூன்று மாதமாவது நிற்கும். மார்க்கெட்டில் மூன்று மணி நேரம்கூட நிற்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கோயிலில் வரிசை ஜாஸ்தி. திரும்பி வந்தபோது மணி ஒன்பதரை. மார்க்கெட்டில் பூசணிக் குவியலே இல்லை. வேறு வாசலில் வந்துவிட்டோமோ என்று வெளியே போய் அடுத்த வாசலில் நுழைந்தேன். அதுவும் அதே மாதிரி இருந்தது. நாலு வாசலும் சுற்றியதில், எங்கே ஆரம்பித்தேன் என்றே தெரியவில்லை. மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள்தான் ஒரு தூணைக் காட்டினாள். "அப்பா, இந்தத் தூணுலதான் சாக்பீஸ்ல கணக்கு எழுதியிருந்துச்சு. இதே இடம்தான்பா."

அங்கே ஓர் அம்மா கோணி விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்தார்.

"எம் பை எங்கம்மா?"

"எந்தப் பை? நான் வந்தே அரை மணி நேரம்தான் ஆவுது."

"காலையில இதே இடத்துலதானே வச்சேன்! எடுத்து வச்சிக்கினு இல்லேங்கறியா? எம் பொண்ணு படிப்பே அதுலதான் இருக்கு!"

கத்திவிட்டேன். கூட்டம் கூடியது. அந்த அம்மா எழுந்தார். கீரைக் கட்டுகளை ஒதுக்கி, உட்கார்ந்திருந்த கோணியை எடுத்து உதறினார். கூடையைக் கவிழ்த்தார். "பாத்துக்கோ. நல்லா பாத்துக்கோ" என்றார்.



மகள் அழுவதைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. "ஏய்யா, வெடிகாலைல இது பூசணிக்காரரு எடம். லோடு தீந்தா கெளம்பிடுவாரு. அப்புறம் எனக்கு. மத்தியானம் எலுமிச்சம்பழக்காரருக்கு. இது கூடத் தெரியாமத்தான் பையை வச்சிட்டுப் போனியா?" என்றவர் கீரையை அப்படியே விட்டுவிட்டு, "வாம்மா கண்ணு" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மார்க்கெட்டின் நடுவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். யார் எதை மறந்துவிட்டுப் போனாலும் வியாபாரிகள் அதன் கம்பிக் கதவில் மாட்டிவிடுவார்களாம். அங்கே ஒரு குடை, ஒரு டிபன் கேரியர், பக்கத்தில் என் பை. பூசணிக்காரர் பையின் வாயை வாழை நாரால் இறுக்கிக் கட்டியிருந்தார். மகள் அவசரமாகப் பிரித்து ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மணி பத்தேகால். ஆட்டோ பிடித்து ஓடினோம். மகள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் உள்ளே நுழைந்தோம். சீட்டு கிடைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது உறைத்தது. மறுவாரம் அவருடைய நேரம் பார்த்தே போனேன். அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்குப் பைக்காக உங்களைத் திட்டினேனே, மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தப் பை? இங்க தெனம் ஒருத்தரு வந்து கத்தறாங்க. யாரைன்னு ஞாபகம் வச்சிக்கறது? அரைக்கீரை வேணுமா, முளைக்கீரை வேணுமா?"

இரண்டிலும் ஒவ்வொரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் நிஜமாகவே மறந்துவிட்டாரா, நான் கூனிக் குறுகி நின்றதைப் பார்த்து மறந்ததுபோலப் பேசினாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒன்றும் புரியாத இடத்தில் கத்துவதற்கு முன்னால் பணிவாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது.