சொந்தமில்லாத ஒரு ஜோடி வேண்டும்

கூடத்தில் நாற்காலி கவிழ்ந்து விழுந்தது. அடுத்த நொடி வாசல் கதவு படீரென்று அடித்துக்கொண்டது. அடுக்களையில் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்த லோசலைன் கத்தியைக் கீழே வைத்தாள். படத்துக்குப் பார்த்த நான்காவது ஜோடியும் போய்விட்டது.

"லோசா!" சித்தப்பா மகள் வீகா தலைவிரி கோலமாக வந்து நின்றாள். "அரை மணி நேரம் உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியாதா?"

"நான் என்னடி பண்ணேன்? காப்பி குடுக்க வந்தப்போ, 'தம்பி, உன் பெரியம்மா ஊர்லதானே இவ பாட்டி பொறந்தா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டேன்."

"அதைக் கணக்குப் போட்டுப் பாக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆச்சு. கையைப் புடிச்சிட்டு வசனம் பேசிட்டிருந்தவன், நெருப்பைத் தொட்ட மாதிரி உதறிட்டு ஓடிட்டான். அவ பின்வாசல் வழியா அழுதுட்டே போறா."

"பாவம். நல்ல பொண்ணு. அவனுக்குத் தங்கச்சி முறை."

"இந்த ஊர்ல யாருடி யாருக்குத் தங்கச்சி இல்ல?"

நியாயமான கேள்வி. தீவு நாட்டின் தலைநகரான நுகுவாலோஃபாவில் அத்தை மகனும் அண்ணன்தான், மாமன் மகளும் தங்கைதான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வரைக்கும் அதே கதைதான். அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து சினிமாகூடப் பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரைப் பற்றி எட்டு நிமிடக் குறும்படம் எடுக்க ஆக்லாந்திலிருந்து வந்திருந்த வீகாவுக்கு, அந்திச் சூரியனின் முன்னால் கடற்கரைச் சுவரோரம் கைகோத்து நடக்க ஒரு காதல் ஜோடி வேண்டுமாம். பதினைந்து வருடம் அங்கே இருந்ததில் கறுப்புச் சட்டையும் மறதியும் அவளுக்கு வந்து சேர்ந்திருந்தன.

மற்றபடி உதவிக்குக் குறைவில்லை. ஊரே உதவியது. பாதிரியார், பாடகர் குழு நாற்பது பேரையும் காட்டச் சொன்னார். ரொட்டிக் கடைக்காரர் பெயர்ப் பலகைக்குப் புது வண்ணம் பூசினார். ஊர் அதிகாரி ஒருவர், கரையில் கிளிஞ்சல் கிளறும் பன்றிகள் மட்டும் தெரியக் கூடாது, நாட்டின் மானம் போய்விடும் என்றார். பன்றி இல்லாத அந்தக் கரையைப் பன்றிகளே நம்பியிருக்காது.

லோசலைனுக்கு வயது நாற்பத்திரண்டு. தபால் நிலையத்தின் கம்பிக் கூண்டுக்குப் பின்னால் இருபது வருடம். எந்தத் தீவின் எந்தப் பெரியப்பா எந்தப் பேத்திக்கு எழுதுகிறார் என்பது அவளுக்கு மனப்பாடம். கல்யாணம் பேசும் தாய்மார்கள் தபால்தலை வாங்கும் சாக்கில் வந்து அவள் வாயைப் பார்ப்பார்கள். அந்தக் கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரே கேள்வியில் ஆறு நிச்சயதார்த்தங்களை உடைத்தவள் அவள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஊர் புகழ்ந்தது. புகழ்ந்த ஊரில் யாரும் அவளைப் பெண் கேட்டு வரவில்லை.

"நீயே நடி," என்றாள் வீகா திடீரென்று. "டாக்சி ஓட்டுற சலேசி இருக்காரே, வடகோடித் தீவுக்காரர். அவ்வளவு தூரத்துல உனக்கு என்ன சொந்தம் இருக்கப்போகுது?"

லோசலைன் கிழங்கை மறுபடி சீவத் தொடங்கினாள். மனைவியை இழந்த சலேசி ஒன்பது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் கம்பிக்கு முன் வந்து, "எனக்குக் கடுதாசி ஏதாச்சும்?" என்று கேட்பார். ஒன்றும் வந்ததில்லை. ஊரில் எல்லோரிடமும் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் லோசலைன் அவரிடம் கேட்டதே இல்லை. பதில் என்னவாக இருக்குமோ என்ற பயம். இவரும் அண்ணனாகிவிட்டால் அப்புறம் வெள்ளிக்கிழமை எதற்கு?

சனிக்கிழமை மாலை படப்பிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஊரில் யாரும் வேலை செய்யக் கூடாது; காமிராவும் சும்மா இருந்தாக வேண்டும். சலேசி, கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும் மரியாதைக்குக் கட்டுகிற பாயை இடுப்பில் கட்டி, தலையில் எண்ணெய் வழிய வந்து நின்றார்.

"காதலனா வரச் சொன்னா சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்களே!" என்று வீகா தலையிலடித்துக்கொண்டாள்.

இருவரும் நடந்தார்கள். நடுவில் ஒரு பன்றி புகுந்து போகிற அளவு இடைவெளி இருந்தது. புகுந்தும் போனது.

"கிட்டப் போங்க! சத்தம் பதிவாகாது, எதையாவது பேசுங்க!"

"இதுக்கு மேல போனா இவங்க அண்ணனுங்க என்னைக் கடல்ல போட்டுடுவாங்கம்மா," என்ற சலேசி, கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்குக் கடுதாசி எழுத யாருமில்லைங்க. அது எனக்கு ஒன்பது வருஷமாவே தெரியும்."

அந்தி வானம் சிவந்ததா, அவள் முகம் சிவந்ததா என்று காமிராவுக்கே குழப்பமாகியிருக்கும்.

திங்கட்கிழமை காலை கலோலைன் அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. அந்தக் குடும்பத்தில் அவள் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. வந்தது சலேசியின் டாக்சியில். "நீயும் உள்ள வா," என்று அவரையும் கூட்டி வந்து கதவோரம் உட்கார வைத்தாள். வீகாவின் மடிக்கணினியில் அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தாள்.

"உன் அம்மாவைப் பெத்தவ யாரு?"

சலேசி தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வடக்குத் தீவுதான் அத்தை. ஆனா பாட்டியோட அம்மா ஹாபாய் தீவுப் பக்கத்துலேர்ந்து கட்டிக்கிட்டு வந்தவங்க. லாவினியான்னு பேரு. ஒத்தைக் கண்ணு லாவினியான்னு சொல்வாங்க."

லோசலைன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ஒற்றைக் கண் லாவினியா! அவளுடைய கொள்ளுப்பாட்டியின் கூடப்பிறந்த தங்கை. வடக்கே கட்டிக்கொடுத்துப் போனவள். ஆறு நிச்சயதார்த்தங்களில் இரண்டை இதைவிட மெலிந்த நூலால் அறுத்திருக்கிறாள் அவள்.

அத்தை மெல்லத் திரும்பினாள். "நீதான் ஊருக்கே உறவு சொல்றவ. சொல்லு. இவன் நமக்கு ஏதாவது வேணுமா?"

சலேசி தலை தூக்கவில்லை. அவர் கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் துடித்தது. லோசலைன் அந்த நரம்பையே பார்த்தாள்.

"அந்தப் பக்கம் எனக்கு அவ்வளவாத் தெரியாது அத்தை."

"தெரியாதா?"

"தெரியாது."

அத்தை மடிக்கணினியை மூடினாள். பிறகு வீகாவிடம், "அந்தக் காட்சியைப் படத்துலேர்ந்து எடுத்துடு. கல்யாணமாகாத பொண்ணு ஆக்லாந்துத் திரையில ஆம்பளையோட நடக்க வேண்டாம்," என்றாள்.

"ஐயோ அத்தை, அதான் என் படமே! அதுக்குப் பதிலா என்னத்தை வைக்கிறது?"

"ஊரைப் பத்தின படம்தானே? ஊரை வை. பன்னி நல்லாத்தான் நடந்திருக்கு." அத்தை சலேசியைப் பார்த்தாள். "நீ போய் வண்டியை எடு. உன் பக்கத்துப் பெரியவங்க யாராவது இருந்தா அடுத்த வாரம் என்னை வந்து பாக்கச் சொல்லு."

சலேசி எழுந்த வேகத்தில் கதவு நிலையில் முட்டிக்கொண்டார். வெளியே டாக்சி இரண்டு முறை உறுமி அணைந்து, மூன்றாவது முறை உயிர்பெற்றது.

வாசலில் அத்தை லோசலைனின் தோளைப் பிடித்துக் காதருகே குனிந்தாள். "லாவினியா எங்க பாட்டியோட தங்கச்சி. உனக்குத் தெரியாதாக்கும்?"

லோசலைனுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது.

"எனக்கும் தெரியாது," என்றாள் அத்தை. படியிறங்கிப் போய் டாக்சியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வண்டி திருப்பத்தில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு லோசலைன் கதவைச் சாத்தினாள்.