குருவிகளுக்கென்று ஒரு கொடி

அந்தத் தெருவில் அவளைக் ‘கறை அக்கா’ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். லாண்டரி நடத்துகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் ஏது என்று அவளும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள். ஒரு கறையை முகர்ந்து, நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, அது என்ன, எத்தனை நாள் பழையது என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு வாத்தியாரின் சட்டைப்பையைப் பார்த்து, “சார், இது மை இல்ல, இருமல் மருந்து. மூடியைச் சரியா மூடாம வச்சிருக்கீங்க” என்றாள். அவர் அசடு வழிந்துகொண்டு போனார். என்ன கறை என்று தெரியாமல் ஒரு கைக்குட்டையைக்கூடத் தண்ணீரில் போடமாட்டாள்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு காலை, பக்கத்து வீதி விருந்தினர் விடுதியின் மேனேஜர் ஆறு வெள்ளை விரிப்புகளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார்.

“இது துவைச்சு வந்ததா, துவைக்க வந்ததான்னு நீங்களே சொல்லுங்க.”

விரித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் கத்திரிப்பூ நிறத்தில் நாலைந்து புள்ளிகள். இஸ்திரி மேசையில் இருந்த நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“குருவி எச்சம் அண்ணி. கொடியில காயும்போது போட்டிருக்கு. நான் மடிக்கும்போது கவனிக்கல.”

“குருவி எச்சம் சரி. என்னத்தத் தின்னுட்டுப் போட்டுது?”

“அத அதுகிட்டதான் கேக்கணும்.”

மேனேஜருக்கு வேறு விரிப்புகள் கொடுத்து அனுப்பிவிட்டு, அவள் நூலிழை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். காய்ந்த புள்ளிக்குள் மணல்போலப் பொடிப்பொடியாக மஞ்சள் விதைகள். சில புள்ளிகளில் அதைவிடக் கொஞ்சம் பெரிய, தட்டையான விதைகள். இரண்டு வகை! ஊசிமுனையால் அவற்றைத் தனித்தனியாக எடுத்து, உடைந்த சோப்புத்தூள் வாளிகள் இரண்டில் மண் நிரப்பித் தூவினாள். வாளியின் கழுத்தில் தேதி எழுதிய துணிச்சீட்டைக் கட்டினாள்.

“ஊர்ல எல்லாரும் எச்சத்தக் கழுவுவாங்க. எங்க அண்ணி அத வெதைக்கிறாங்க” என்று நாத்தனார் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

தட்டை விதைகள் சீக்கிரமே முளைத்துவிட்டன. மூன்று மாதத்தில் வெள்ளைப் பூவும், பிறகு கருமணி போன்ற பழமும் வந்தன. மணத்தக்காளி. ஒரு பழத்தைக் கிழிந்த தலையணை உறையில் நசுக்கித் தண்ணீரில் அலசினாள். சுலபமாகப் போய்விட்டது. “இது இல்ல” என்று மட்டும் சொன்னாள்.

இன்னொரு வாளியில் ஓரம் ரம்பப்பல்லாக, தொட்டால் சொரசொரப்பாக ஓர் இலை வந்துகொண்டிருந்தது. அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. இலையொன்றைப் பில் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். கணவர் வேனில் துணி கொடுக்கப் போகும்போதெல்லாம் கூடவே ஏறிக்கொண்டு, மதில்களுக்கு மேல் தெரியும் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். “துணி குடுக்கப் போறமா, பொண்ணு பாக்கப் போறமான்னு தெரியல” என்று அவர் முணுமுணுத்தார்.

கடைசியில் காட்டிக்கொடுத்தது மரம் அல்ல, ஒரு கார். டிரைவிங் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் நின்ற வெள்ளைக் கார் முழுக்க மங்கிய கத்திரிப்பூப் புள்ளிகள். அவள் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். காருக்கு மேலே மதிலை ஒட்டி ஒரு மல்பெரி மரம். இலையை வைத்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் ஒத்துப்போயிற்று.

பயிற்சியாளர் வெளியே வந்தார். “என்னம்மா, லைசென்ஸ் எடுக்கணுமா?”

“இல்லைங்க. இந்த மரத்துல ரெண்டு குச்சி வேணும்.”

“ரெண்டு என்ன, வேரோட எடுத்துக்கிட்டுப் போங்க. தினமும் கார் கழுவியே என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.”

குச்சிகளோடு வந்து இறங்கியவளைப் பார்த்து நாத்தனார் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “எதிரியைக் கண்டுபிடிச்சுட்டீங்க, சரி. அவனை எதுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றீங்க?”

கறை அக்கா குச்சிகளை வாளித் தண்ணீரில் நிற்கவைத்தாள். இத்தனை வருடமாகக் கறையைத்தான் பார்த்திருக்கிறாள், தின்கிறவர்களைப் பார்த்ததில்லை. “யாரு, எப்படித் திங்கறாங்கன்னு பக்கத்துல இருந்து பாக்கணும்” என்றாள். பின்மதில் ஓரம் சிமென்ட் போடாத ஒரு முழ அகல மண்ணில் குச்சிகளை நட்டு, நடுநடுவே மணத்தக்காளியையும் வைத்தாள்.

அடுத்த வருடமே காய்த்தது. முதலில் கொண்டைக்குருவி ஜோடி ஒன்று வந்தது. பிறகு மைனாக்கள். குயில் சத்தமே காட்டாமல் இலைக்குள் உட்கார்ந்து தின்றது. அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஆனால் செடிக்கும் துணிக்கொடிக்கும் இடையே பத்தடிதான். முன்பு ஆறு விரிப்பில் விழுந்தது இப்போது இருபதில் விழுந்தது. விடுதி மேனேஜர் துணிகளை வேறு லாண்டரிக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

நாத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணி, ஒண்ணு செடி இருக்கணும், இல்ல கடை இருக்கணும். அருவாளை நான் எடுக்கவா, நீங்க எடுக்கறீங்களா?”

“மூணு நாள் குடு.”

மூன்று நாளும் விடியலிலிருந்து பத்து மணிவரை வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். லாண்டரிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். கொண்டைக்குருவி செடியில் நின்றபடி நாலைந்து பழம் தின்கிறது. உடனே பறந்து பக்கத்தில் எது உயரமோ, எது திறந்தவெளியாக இருக்கிறதோ அதில் போய் உட்காருகிறது. அலகை இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைக்கிறது. ஒரு சட்டை இஸ்திரி போடும் நேரம் சும்மா இருக்கிறது. பிறகு போட்டுவிட்டு மறுபடி செடிக்குப் போகிறது. வெயில் ஏறியதும் ஒன்றுகூட இருப்பதில்லை, மாலையில்தான் திரும்புகின்றன.

“அதுக்குத் துணிமேல ஒண்ணும் கோபமில்ல” என்று நாத்தனாரிடம் சீட்டுகளைக் காட்டினாள். “உக்கார ஒரு இடம் வேணும், அவ்வளவுதான். நம்ம கொடி கண்ணுக்குப் பட்டுது.”

“அப்ப நாற்காலி வாங்கிப் போடப் போறீங்களா?”

“கொடியே கட்டிருவோம்.”

கணவர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனாலும் கட்டிக்கொடுத்தார். செடிகளை ஒட்டி இரண்டு கம்பம் நட்டு, ஆளுயரத்துக்கும் மேலே ஒரு கம்பி. துணிக்கொடிகளைப் பக்கத்துச் சந்துப் பக்கமாக மாற்றி, தாழ்வாக இழுத்தார். வெள்ளைத் துணிகளைப் பத்து மணிக்குமேல் போட்டு நாலு மணிக்குள் எடுப்பது என்று முடிவாயிற்று. முதல் இரண்டு நாள் குருவிகள் புதுக்கம்பியைச் சீண்டவே இல்லை. மூன்றாம் நாள் ஒரு மைனா வந்து உட்கார்ந்து இரண்டு ஆட்டம் ஆடிப்பார்த்தது. வாரக்கடைசியில் கம்பியில் இடம் கிடைக்காமல் சண்டை.

கறை அடியோடு நின்றுவிடவில்லை. எப்போதாவது ஒன்றிரண்டு விழும். நாத்தனார் மடிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பார்ப்பாள். அடுத்த பருவத்தில் மேனேஜர் ஒரு மூட்டையோடு தானாகவே வந்தார். துணியை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கச் சத்தத்தைக் கேட்டு எட்டிப்பார்த்தவர் அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டார்.

“எங்க தோட்டத்துக்கு ஒரு குச்சி கிடைக்குமா? தங்கறவங்க இதெல்லாம் ரசிப்பாங்க.”

“தாராளமா” என்றாள் நாத்தனார், கறை அக்கா வாயைத் திறக்குமுன். “ஆனா பக்கத்துல காரை நிறுத்தாதீங்க.”

மழைக்குப் பிறகு ஒரு நாள் நாத்தனார்தான் கூப்பிட்டாள். “அண்ணி, ஓடிவாங்க!”

குருவிக்கம்பியின் நேர்கீழே, ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம்வரை, யாரோ நூல்பிடித்து நட்டதுபோல நாற்றுகள் ஒரே வரிசையில் முளைத்திருந்தன. மல்பெரி, மணத்தக்காளி, நடுவே அடிப்பக்கம் சிவந்த இலையோடு நாலு. அந்த நாலும் இருவருக்கும் தெரியாதவை.

“பிடுங்கிடட்டுமா?” என்று கேட்ட நாத்தனார், கேட்டுக்கொண்டே ஒரு செங்கல்லை எடுத்து, யாரும் மிதித்துவிடாதபடி அவற்றுக்கு முன்னால் வைத்தாள்.