பேனலுக்கு வந்த பாராட்டு

இதழியல் துறையில் மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் முந்திரிக்கொட்டை மேடம். எந்த வேலையானாலும் கெடு முடிவதற்கு வெகு முன்னாலேயே முடித்துக் கையைத் துடைத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை இதழியல் ஆய்வாளர்களின் ஆண்டு மாநாடு மட்டும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வருடா வருடம் ஒரு பேனலை, நாலைந்து பேர் ஒரே பொருளில் கட்டுரை படிக்கும் அமர்வை, முன்மொழிவாள். வருடா வருடம் வருந்துகிறோம் என்று பதில் வரும். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் பேனல் நடத்தி நடத்தியே பேராசிரியர்களாகிவிட்டார்கள். இவள் இன்னும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்தியின் முதல் பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தாள். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

இந்த முறை விஷயம் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. அவளுடைய தம்பி நாளிதழ் நிருபர். ரசாயன ஆலையில் வாயு கசிந்ததையும், செத்துப்போனவர்களை வேலையைவிட்டு நின்றவர்களாக நிர்வாகம் காட்டியதையும் வெளியே கொண்டுவந்தவன் அவன்தான். ஆலைக்குள்ளிருந்து ஒரே ஓர் ஆள் அவனிடம் வாய் திறந்திருந்தார். அது யாரென்று தன் பத்திரிகை ஆசிரியரிடம்கூட அவன் மூச்சுவிடவில்லை. செய்தி வந்த பிறகு, பேசியது யார் என்று ஆலைக்காரர்கள் வலைவீசித் தேடினார்கள். ஒன்றுமறியாத ஒரு வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டு அவன் இரண்டு கையையும் முறித்துப் போட்டிருந்தார்கள்.

ஆபத்துக்கு நடுவே செய்தி சேகரிப்பது பற்றி ஒரு பேனல், அதில் தம்பியின் கட்டுரையும் உண்டு என்று எழுதி அனுப்பினாள். மாநாட்டுக்காரர்கள் அதிசயமாக இந்தத் தடவை தள்ளிவிடவில்லை. ஆய்வு முறை தெளிவாக இல்லை, தகவல் தந்தவரைப் பற்றிய விவரம் சேர்த்தால் பரிசீலிக்கலாம் என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அதெல்லாம் எழுத முடியாதுக்கா. யாருன்னு சொல்லாம இருக்கிறதுதான் எங்க தொழிலே."

"பேரையா கேக்குறேன்? வயசு, எந்தப் பிரிவு, அவ்வளவுதான். ஆய்வுன்னா அதுகூட இல்லாம எப்படிடா? பேரை மாத்திட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் பிடிகொடுக்கவில்லை. அவனைப் படிக்கவைத்தவள் அவள், அதைச் சொல்லிக்காட்டினாள். நாலு பேராசிரியர்களைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை என்று அடித்துச் சொன்னாள். வேண்டாவெறுப்பாக நாலு வரி எழுதிக் கொடுத்தான்: எடைப் பிரிவில் வேலை செய்யும் பெண், ஐம்பதை நெருங்குபவர், கணவரை இழந்தவர், பெயர் மாற்றப்பட்டுள்ளது. அவள் அதோடு விடவில்லை. மயங்கி விழுந்தவர்களை வெளியே இழுத்தபோது அந்தப் பெண்ணின் கை வெந்துபோனதாக அவன் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதையும் சேர்த்து மெருகேற்றினாள். ஊடக அறம் பற்றிப் பாடம் எடுப்பவளும் இவள்தான். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

பேனல் ஏற்கப்பட்டது. துறையில் அத்தனை பேரும் கைகுலுக்கினார்கள். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை. கட்டுரைகளை முன்கூட்டியே படித்துவிட்டு மேடையில் கருத்துச் சொல்ல ஒருவரை மாநாடே நியமிப்பது வழக்கம். யாரோ ஓய்வுபெற்ற பேராசிரியரின் பெயரும் முகவரியும் வந்தன. கட்டுரைகளை அனுப்ப இன்னும் நிறைய நாள் இருந்தது. முந்திரிக்கொட்டை மேடம் அல்லவா, அன்று மாலையே மொத்தத்தையும் அனுப்பிவிட்டாள். அந்த மனிதர் ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார் என்று விசாரிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் அவள் வகுப்புக்குப் போகும் வழியில் அந்தப் பேராசிரியரே போனில் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு கனிவு.

"அருமையான பேனல் மேடம். அதிலயும் உங்க தம்பி கட்டுரையில அந்த ஆய்வு முறைப் பகுதி இருக்கே, அதுதான் பிரமாதம். நான் இப்ப அந்த ஆலையிலதான் மக்கள் தொடர்பு ஆலோசகரா இருக்கேன். எங்க நிர்வாகத்துல எல்லாரும் உக்காந்து படிச்சோம்."

அவள் போனைத் துண்டித்தாள். வகுப்பறை வாசலில் நின்றபடியே தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எடைப் பிரிவுல பொம்பளை ஒருத்திதான்க்கா இருக்கா" என்றான். பிறகு போனை வைத்துவிட்டான்.

உள்ளே பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். தான்தான் காட்டிக்கொடுத்தோம் என்பது அவளுக்கு ஐயமறத் தெரிந்தது. அந்தப் பெண் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டுமே என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டாள். மணி அடித்து, வகுப்பு கலைந்து, பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனபோது தம்பி கூப்பிட்டான். அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். கதவு பூட்டியிருந்தது.

"சர்வீஸ் விஷயமாப் பேசணும்னு ஆலை வண்டி வந்து மரியாதையா ஏத்திக்கிட்டுப் போச்சாம். பக்கத்து வீட்டுல சொல்றாங்க."

"எப்படா?"

"நேத்துக் காலையில. இன்னும் திரும்பி வரலைக்கா."