ஞானதாஸின் காத்து டெஸ்ட்

திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் டர்போ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஞானதாஸுக்குப் பிடித்த மனிதர் என்று உலகத்தில் யாரும் கிடையாது. கஸ்டமர்களைப் பிடிக்காது, டிரைவர்களைப் பிடிக்காது. கடையை மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரிடமே, "தண்ணிய டர்போ மேல தெளிச்சிராதீங்க சாமி" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொன்னவர். எல்லாரையும்விடப் பிடிக்காதவன் மனைவி சகாயசெல்வியின் தம்பி கிளெமென்ட். இவரிடமே தொழில் கற்றுக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நேர் எதிரில் கடை போட்டவன். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஈஸ்டருக்கு ஒரே வீட்டில் சாப்பிட்டாலும் ஆளுக்கொரு திசை பார்த்துத்தான் சாப்பிடுவார்கள்.

தொழிலில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டிப் புகை வெளியேறும் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவதுதான் டர்போ. வேலை முடிந்ததும் ஞானதாஸ் கம்ப்ரஸர் ஹோஸை அதன் வாயில் வைத்துக் காற்றடிப்பார். உள்ளே சக்கரம் விர்ரென்று சுற்றி ஊளையிடும். "கேட்டுக்க" என்பார். அதைக் கேட்காமல் எந்த வண்டியும் அந்தக் கடையை விட்டுப் போனதில்லை.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றும் முகேஷ்குமாரின் லாரிகளால்தான் கடை ஓடிக்கொண்டிருந்தது. அவை எதிர்க்கடைக்குப் போய்விட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். ஒரு கம்பெனி, இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் சிலருக்கு ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் புது மாதிரி வண்டி கொடுத்திருந்தது. அதில் முகேஷ்குமாரும் ஒருவர். அந்த வண்டியில் டர்போவின் தண்டிலேயே ஒரு மோட்டார் இருந்தது. புகை வேகம் போதாதபோது மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். புகை மிஞ்சும்போது அதே மோட்டார் கரண்ட் எடுத்துப் பேட்டரிக்குத் தரும்.

"புகையில கரண்ட் எடுக்கிறானாம்" என்று சிரித்தார் ஞானதாஸ். "அப்ப சாம்பிராணி போட்டா வீட்ல ஃபேன் ஓடணும்ல."

அந்த லாரிதான் ஒரு நாள் வந்து நின்றது. "ஏனுங்க, மேடு ஏறுறப்ப இழுக்கவே மாட்டேங்குதுங்க" என்றார் முகேஷ்குமார். ஞானதாஸ் குழாய்களைக் கழற்றித் தடவிப் பார்த்தார். ஒரு கிளாம்ப் லூஸ், அவ்வளவுதான். முறுக்கினார். வேலை முடிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா? ஹோஸை எடுத்து டர்போவின் வாயில் வைத்து அழுத்தினார். மோட்டாரின் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. சக்கரம் ஊளையிட்டது. "கேட்டுக்க" என்றார். டப்பென்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கறுப்புப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் கிளம்பியது.

ஞானதாஸ் ஹோஸைக் கீழே போட்டார். ஆனால் வாய் அடங்கவில்லை. "போன வாரம் எதிர்த்த கடையில ஆயில் மாத்துனீங்கல்ல? அவன்தான் எதையோ நோண்டி வச்சிருக்கான்."

முகேஷ்குமார் ரோட்டைத் தாண்டிப் போய்க் கிளெமென்டைக் கூட்டிவந்தார். அவன் மோந்து பார்த்தான்.

"பிளக்கைக் கழட்டாம காத்து வச்சீங்களா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, முகேஷ்குமாரிடம் சொன்னான். "நான் எதையும் நோண்டலை. சக்கரம் சுத்துனா மோட்டார் கரண்ட கக்கும். வண்டி ஆஃப்ல இருந்தா அது போக வழி இல்ல, பெட்டிய எரிச்சிரும். போன மாசம் ஆத்தூர்க்காரரோட இதே மாதிரி வண்டில நானும் இப்புடித்தான் எரிச்சேன். எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தது யாரு?"

முகேஷ்குமாருக்கு அது போதும். "வண்டிய அந்தப் பக்கம் எடுப்பா" என்றார் டிரைவரிடம். "மத்த வண்டியும் இனி அங்கயே வரட்டும்."

ஞானதாஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு மச்சினனிடம் முதல் வார்த்தை பேசினார். "ஏலே, இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டு எதிர்த்தாப்ல உக்காந்து வேடிக்கை பாத்தியா?"

"நீங்க ஹோஸ எடுக்கிறப்பவே பாத்தேன் மச்சான். எந்திரிக்கக்கூடச் செஞ்சேன்" என்றான் கிளெமென்ட். "வந்து சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

பெட்டி எரிந்ததில் லாரி ஸ்டார்ட் ஆகவில்லை; இன்னொரு வண்டியில் கட்டி ரோட்டின் குறுக்கே இழுத்துப் போனார்கள். ஞானதாஸ் ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். அவன் வந்து சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். கிளெமென்ட் சொன்னான் என்பதற்காகவே இன்னும் கொஞ்சம் அழுத்தி அடித்திருப்பார்.