காலண்டருக்கு முன்னால் நின்ற குரல்

தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் டெஸ்டர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எந்நேரமும் ஒரு டெஸ்டர், அதாவது கரண்ட் பார்க்கிற சின்னத் திருப்புளி, செருகியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதுவும் கூடவே போகும். மின் பலகைகளுக்கு ஒயர் இணைப்பது அவர் வேலை. ஒரு பலகையில் இருநூறு முன்னூறு ஒயர் முனைகள் இருக்கும். ஒன்று இடம் மாறினால் போதும், மோட்டார் தலைகீழாகச் சுற்றும், இல்லையென்றால் புகையும். முப்பத்தோரு வருடத்தில் டெஸ்டர் கட்டிய ஒயர் ஒன்றுகூட இடம் மாறியதில்லை என்று மேலாளரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு அவருக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியும் இருந்தது.

கல்யாணமான இரண்டாம் வருடம், பாட்டுக் கேட்பதற்கான தன் முதல் செட்டை அவரே சேர்த்தார். யாரோ வேண்டாமென்று கொடுத்த ரெக்கார்ட் ப்ளேயர் ஒன்று. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து முடித்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று. தச்சரிடம் அளவு சொல்லிச் செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஆம்ப்ளிஃபயருக்கு மூடி கிடையாது. மூடி வாங்குவதற்குள் அவர் மனம் அடுத்த பாகத்துக்குப் போய்விட்டது. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. கையில் இருப்பதைக் கேட்டுக்கொண்டே கடையில் இருப்பதை நினைப்பார்கள்.

அப்போது குடியிருந்தது ஒற்றை அறை. இரண்டு ஸ்டூல்கள் மேல் இரண்டு ஸ்பீக்கர்கள். ஒயர் தரையிலேயே கிடக்கும், அதைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். நாற்காலி போட இடமில்லை. எதிர்ச் சுவரோரம் இருந்த ட்ரங்க் பெட்டி மேல் புருஷனும் பெண்டாட்டியும் தோள் இடிக்க உட்கார்ந்துகொள்வார்கள்.

மனைவிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் குரலைக் கேட்டு உரிய இடத்துக்கு இணைத்துவிட வேண்டும். 'ஹலோ' என்ற ஒரே சொல்லை வைத்து, பேசுகிறவர் இப்போதுதான் அழுது முடித்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். முதல் நாள் மாலை ஒரு பெண் பாடிய ரெக்கார்டை அவர் சுழலவிட்டபோது, அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு சுவரைக் காட்டினாள்.

"என்னங்க, அந்தம்மா அங்க நிக்கிறாங்க."

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே வெறும் சுவர்தான். அதில் மளிகைக் கடை காலண்டர் ஒன்று தொங்கியது. குரல் சரியாக அந்தக் காலண்டருக்கு முன்னாலிருந்துதான் வந்தது. டெஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இரண்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் ஒன்றாக முன்னே தள்ளி ஒன்றாகப் பின்னே இழுத்தால் குரல் இப்படி நடுவில் வந்து நிற்கும் என்று விளக்க ஆரம்பித்தார். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வயலின் ஜன்னலோரம் இருக்கிறது, புல்லாங்குழல் கதவுப் பக்கம் என்று அவள் பாட்டுக்கு ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். மாதம் முடிந்து அவர் காலண்டர் தாளைக் கிழிக்கப் போனால், "மெதுவா கிழிங்க, அவங்க மேல கை பட்டுடப்போகுது" என்பாள். அந்த ஒற்றை அறையில் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். சுற்றி வளைக்காமல் அப்படியே சொல்லிவிடலாம்.

மகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு சொந்த வீடு கட்டினார்கள். செட்டுக்கென்றே ஒரு கூடம். ஒயர் தரையில் கிடப்பதாவது, அசிங்கம் என்று டெஸ்டர் நான்கு நாள் லீவு போட்டு, பூச்சு வேலைக்கு முன்பே சுவருக்குள் குழாய் பதித்து ஸ்பீக்கர் ஒயரை இழுத்தார். ஒவ்வொரு ஒயரிலும் இரண்டு கம்பிகள், இரண்டும் ஒரே நிறம். எது எது என்று தெரிவதற்காக ஒரு கம்பியின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவைத்தார். பூச்சுக்காரர் முடித்துவிட்டுப் போனபோது வலது பக்க ஒயரில் ஒரு முனையின் டேப் சிமெண்டோடு சிமெண்டாகப் போயிருந்தது. டெஸ்டர் ஒரு நிமிடம் யோசித்து, ஞாபகத்தில் இருந்த கம்பிக்கே மறுபடி டேப் சுற்றினார். தொழிற்சாலையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பார். இது தன் கை, தன் ஞாபகம். சோதித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

குடிபோன அன்று மாலை அதே ரெக்கார்டைப் போட்டார். அவள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"அந்தம்மாவைக் காணோமே. எல்லாப் பக்கமும் கேக்குது, ஆளு மட்டும் இல்ல."

புது வீட்டில் இன்னும் காலண்டர் மாட்டவில்லை, அதுதான் என்று அவர் கேலி செய்தார். ஆனால் அவருக்கும் ஏதோ குறைந்தது. அடிச்சுருதி மெலிந்து, பாட்டு முழுக்கத் தண்ணீர் கலந்ததுபோல் இருந்தது. அறை பெரிது, ஆம்ப்ளிஃபயர் சின்னது என்று முடிவு கட்டினார். வீட்டில் சேர்த்த முதல் ஆம்ப்ளிஃபயரை ஒரு ரயில்வே கிளார்க்குக்குக் கொடுத்துவிட்டுக் கடை ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். குரல் நடுவில் வரவில்லை. அப்படியானால் ஸ்பீக்கர்தான் என்று, இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களை ஆட்டோவில் ஏற்றி வந்தார். கடையில் கேட்டபோது மெய்சிலிர்த்தது, வீட்டுக்கு வந்து கேட்டால் சப்பென்றிருந்தது. பிறகு ப்ளேயரை மாற்றினார். அந்த ஆம்ப்ளிஃபயரையும் மாற்றினார். ரயில்வே கிளார்க் வழியில் பார்க்கும்போதெல்லாம், உங்க பழைய ஆம்ப்ளிஃபயர் அருமையா பாடுது சார் என்று சொல்வார். பாவம், காது அவ்வளவுதான் என்று டெஸ்டர் நினைத்துக்கொள்வார்.

ஒவ்வொன்று வரும்போதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்பாள். முடிந்ததும் அதையே சொல்வாள். மூன்றாவது ஆம்ப்ளிஃபயர் வந்த அன்று, பெட்டி பிரித்த அட்டைகூடக் கூடத்தில் கிடக்கும்போதே அவள் மறுபடி ஆள் இல்லை என்றாள். டெஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது.

"போன் காதை வெச்சுக்கிட்டு இதுல கருத்து சொல்லாத. உனக்கு ஹலோ கேக்கத் தெரியும், அதோட நிறுத்திக்க."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். சொன்ன வாய் மூடுவதற்குள் அவருக்கே உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. அந்த வாரமே, அளவு நாடா வைத்துக் கூடத்தின் நடு இடத்தைக் கண்டுபிடித்துத் தரையில் குறி போட்டார். சரியான சத்தம் ஒரு ஆளுக்கான இடத்தில்தான் கிடைக்கும் என்று செட் பைத்தியங்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் குறியில் ஒற்றை நாற்காலி வந்தது. ட்ரங்க் பெட்டி பின் அறைக்குப் போய், பழைய போர்வைகளுக்குக் காவல் இருந்தது.

அதன் பிறகு அவள் சமையலறையிலிருந்தே கேட்டாள். சில நாள் பாட்டு நடுவே பாத்திரச் சத்தம் நின்றுபோகும். அப்போது அவள் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். எழுந்து போய், வா, வந்து உட்கார் என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். அடுத்த மாற்றம் வரட்டும், குரல் நடுவில் வந்து நின்றதும் கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டார். அவளைத் திரும்ப அந்தக் கூடத்துக்கு வரவழைக்கத்தான் அத்தனை பெட்டிகளையும் மாற்றினார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவரே அவளிடம் சொன்னதில்லை.

பதினாறு வருடம் இப்படியே போயிற்று. மகள் கல்யாணமாகி வேறு ஊர் போனாள். ஒரு மழைக்காலத்தில் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

டெஸ்டர் செட்டுக்குத் துணி போட்டு மூடினார். பத்து மாதம் அதைத் தொடவில்லை. தன்னோடு வந்து இருக்கும்படி மகள் வற்புறுத்திக்கொண்டே இருந்தாள். அவளுடைய வீட்டில் இவ்வளவு பெரிய ஸ்பீக்கர்களுக்கு இடமில்லை. ஸ்பீக்கர் வாங்கிய கடைக்காரரிடம், செட்டை விற்க வேண்டும் என்று சொல்லிவைத்தார். அவர் அனுப்பிவைத்து ஒரு பஸ் கண்டக்டர் வந்தான், கூடவே அவன் மனைவி. வாழ்க்கையில் அவர்கள் வாங்கப்போகும் முதல் செட். ஊர் மாறிப் போகிறேன், அதனால் கொடுக்கிறேன் என்று மட்டும் டெஸ்டர் சொன்னார்.

இரண்டு பேர் உட்கார வேண்டுமே என்று ஒற்றை நாற்காலியை நகர்த்திவிட்டு, பின் அறையிலிருந்து ட்ரங்க் பெட்டியை இழுத்து வந்து போட்டார். கைக்கு வந்த ரெக்கார்ட் அந்தப் பழைய ரெக்கார்டாகவே இருந்தது. கண்டக்டர் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து வாயைப் பிளந்தான். அந்தப் பெண் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு சார். ஆனா பாடறவங்க எங்க இருக்காங்கன்னே தெரியலையே."

சும்மா இரு, உனக்கு என்ன தெரியும் என்று கண்டக்டர் அவளை அடக்கினான்.

டெஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. பாட்டை நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்த சின்ன பேட்டரியை எடுத்தார். ஆம்ப்ளிஃபயர் பக்கம் இடது ஒயரின் இரண்டு கம்பிகளிலும், சிவப்பு டேப் இருக்கும் கம்பி பேட்டரியின் மேல் முனையில் படுமாறு, அதைத் தொடவைத்தார். இடது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு டப்பென்று முன்னால் வந்தது. வலது ஒயரில் அதேபோல் தொடவைத்தார். கூம்பு பின்னால் போயிற்று. நம்பாமல் இன்னொரு தடவை தொட்டார். பின்னால்தான் போயிற்று.

ஐந்து ஆம்ப்ளிஃபயர்கள், மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள். எல்லாவற்றையும் அவர் இந்த ஒயரில்தான் மாட்டிவந்திருக்கிறார். ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் இழுத்திருக்கிறது. அவள் முதல் நாளே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டால் தேவலை போலிருந்தது அவருக்கு.

சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். வலது பக்கத்தில் இரண்டே திருகுகள். கம்பிகளைக் கழற்றி இடம் மாற்றி இறுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரெக்கார்டை மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

அடிச்சுருதி தரையோடு எழுந்தது. பிறகு அந்தம்மா வந்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால், ஆள் உயரத்தில் நின்று பாடினார். வயலின் ஜன்னலோரம் இருந்தது.

"இதோ, இங்க நிக்கிறாங்க" என்று கண்டக்டரின் மனைவி கையை நீட்டினாள்.

டெஸ்டர் சமையலறைப் பக்கம் திரும்பினார். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் அவர் வாயிலிருந்து குரல் வந்துவிட்டது.

"இங்க வாயேன். நீ சொன்னதுதான் சரி. வந்து உக்காரு."

கண்டக்டரும் அவன் மனைவியும் சமையலறைக் கதவைப் பார்த்தார்கள். வருகிறவருக்கு இடம் வேண்டுமே என்று அந்தப் பெண் ட்ரங்க் பெட்டி மேல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.