சொல்லாமல் எழும்பி வந்த கதை

ஐம்பத்திரண்டு வயதில் நான் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் அறிவுத் தாகம் அல்ல, சந்தேகம். மொன்றியலின் லாசால் பகுதியில் நான் வேலை செய்யும் காகிதப் பெட்டித் தொழிற்சாலையில், மத்தியானச் சாப்பாட்டு மேசையில் பாதிப் பேர் எல் சல்வடோர்காரர். அவர்கள் சிரிக்கும் போதெல்லாம் என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. மொன்றியலில் எந்தத் தமிழ்க் கலியாணத்துக்குப் போனாலும் பகிடி விடுகிற ஆள் நான். எனக்கே பகிடி விளங்காத ஒரு மேசை இருப்பதா?

“இருவது வருசமா பிரெஞ்சில பொன்ஜூர், மெர்சிக்கு அங்கால போகேல்லை. இனி ஸ்பானிஷோ?” என்றாள் மனைவி.

பக்கத்து மெஷினில் நிற்கும் எல் சல்வடோர் நண்பர்தான் வாத்தியார். என் வயதுக்காரர். அரை மணி இடைவேளையில் முள்ளுக்கரண்டி, உப்பு, மேற்பார்வையாளரின் மொட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பாடமாக்கினார். ஒரு வருடத்தில் பகிடிகள் பிடிபடத் தொடங்கின. ஒன்றுகூட என்னைப் பற்றியதாக இல்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மனவருத்தமாகவே இருந்தது.

போன பனிக்காலத்தில் அவருடைய அப்பா காலமானார். அடக்கம் முடிந்த பின் ஒன்பது நாள் மாலையில் வீட்டில் செபம் செய்வது அவர்கள் வழக்கம். என்னையும் வரச்சொன்னார். ஆறாம் நாள் போனேன். அனுதாபத்துக்கான வசனத்தை, அதற்குரிய முகத்தோடு சேர்த்து, பஸ்ஸில் பயிற்சி செய்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

வீட்டில் மெழுகுதிரிகளுக்கு நடுவே பெரியவரின் படம். செபம் முடிந்ததும் கோப்பியும் இனிப்புப் பாணும் வந்தன. அதுவரை எல்லாம் சரி. பிறகு ஒருவர் பகிடி சொல்லத் தொடங்கினார். இன்னொருவர் பெரியவரைப் பற்றியே ஒன்று சொன்னார், முடி வெட்டும் கதிரையில் நித்திரையாகி, கனவில் தலையை ஆட்டி, ஒரு மாதம் தொப்பியோடு திரிந்த கதை. பெரியவரின் மனைவியே கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவர்கள் ஊரில் செத்தவீட்டில் துணைக்கு இருப்பவர்கள் இப்படித்தான் சிரிக்க வைப்பார்களாம். செத்தவீட்டில் பல்லைக் காட்டினால் எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். சிரிப்பை அடக்க என் பல் வைத்தியரை நினைத்துக்கொண்டேன். முகம் அதற்கேற்றபடி இருந்திருக்கும்.

புறப்படும் நேரம் வந்தது. நண்பர் குசினிக்குள் போகும்வரை காத்திருந்து, சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினேன். எங்கள் வீட்டு வாசலில் மனைவி, ஒன்றிலும் முட்டாமல் நேரே குளியலறைக்குப் போகச் சொன்னாள். எல்லாவற்றையும் முறையாகச் செய்த திருப்தியோடு படுத்தேன்.

மறுநாள் நண்பர் மேசையின் மற்ற முனையில் உட்கார்ந்தார். நானாகக் கிட்டப் போனேன். அவர் ஸ்பானிஷில் சொன்னது என் காதில் எங்கட தமிழிலேயே விழுந்தது.

“எங்கட வீட்டில என்ன குறை, அண்ணை? நாங்கள் சிரிச்சது உங்களுக்குப் பிடிக்கேல்லையோ? அம்மாவுக்கும் சொல்லாமல் போயிட்டீங்கள்.”

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் ஒரு வருடத்து ஸ்பானிஷும் எங்கோ ஓடிவிட்டது. அடுப்பில் கறி வைத்துவிட்டு வந்தேன் என்றேன். நான் சமைக்கத் தெரியாதவன் என்று அவரிடம் நானே பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த இரண்டு நாளும் நான் உட்கார்ந்ததும் மேசையில் எல்லோரும் காலநிலை பற்றிக் கதைத்தார்கள். அத்தனையும் விளங்கியது, அதுதான் கொடுமை. ஒரு நல்ல மனிதரை, அவருக்குத் துணை தேவைப்பட்ட நேரத்தில், கோபித்துக்கொண்டு போனவனைப் போல நடந்து நோகடித்துவிட்டேன்.

“உள்ளதைச் சொல்லுங்கோவன்,” என்றாள் மனைவி.

“அதை ஸ்பானிஷில எப்பிடிச் சொல்லுறது?”

“பொய் மட்டும் ஸ்பானிஷில வந்ததோ?”

ஒன்பதாம் நாள், செபம் முடிந்ததும் எழுந்து நின்றேன். இருபது பேர் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் ஆட்கள் வழக்கமாக ‘போட்டு வாறன்’ என்றுதான் விடைபெறுவார்கள், செத்தவீட்டில் அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கும் வருவேன் என்றதாகிவிடும், அதனால் கள்ளனைப் போல ஒளித்துப் போவதுதான் மரியாதை என்று தட்டித்தடவிச் சொன்னேன். பல் வைத்தியரையும் சொன்னேன். சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அவர்களுடைய வெளிப்படியில் பனியில் வழுக்கி விழுந்ததையும், விழுந்தும் மூச்சுக் காட்டாமல் கிடந்ததையும் சொன்னேன். அதை மனைவிக்குக்கூட நான் சொல்லவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. நண்பரின் அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

“எந்தப் படி?”

“மூண்டாவது.”

“என்ர மனுசனும் அதிலதான் விழுறவர்,” என்றார்.

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு வீடே அதிர்ந்தது. நண்பர் சிரித்து, அழுது, இரண்டையும் பிரிக்க முடியாத ஒரு கட்டத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஒரு வருடமாக நான் பாடமாக்கி வைத்திருந்த நல்ல பகிடிகள் எல்லாம் அப்படியே கிடந்தன.

திரும்பவும் புறப்படும் நேரம். அவர்கள் முறைப்படி இருபது கன்னங்களுக்கும் முத்தம் கொடுத்து விடைபெற வேண்டும். எங்கள் முறைப்படி மூச்சே விடக்கூடாது. நான் எழுவதும் இருப்பதுமாகத் தவித்ததைப் பார்த்து அம்மா கை தட்டினார்.

“எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்புங்கோ. அவர் போகட்டும்.”

இருபது பேரும் திரும்பி நின்றார்கள். அடக்க முடியாமல் நண்பரின் தோள்கள் குலுங்கின. சப்பாத்தை எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தேன். படத்திலிருந்த பெரியவர் மட்டும் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தலையாட்டிவிட்டு, கதவை மெல்லச் சாத்தினேன்.